தமிழரசன் பேசிய கொரியன்

தஞ்சாவூரில் உலக மொழிகளும் பண்பாடுகளும் என்ற படிப்பில் கொரியன் எடுத்துப் பிரகதீஸ்வரி சேர்ந்ததிலிருந்து, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா அரசப்பனைக் கேட்காத ஆள் நன்னிலம் பக்கத்தில் இல்லை. அதிகம் கேட்டவர் அடுத்த வயல்காரர் மதிவாணன். அவர் மகன் தமிழரசன் கொரியாவில் பிளாஸ்டிக் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான்.

"எம்பய காலேஜ் வாசலையே மிதிக்கல. கொரியன்ல பொளந்து கட்டுறான்" என்பார்.

ஆயுத பூஜை லீவுக்குப் பிரகதி ஊருக்கு வந்தபோது தமிழரசனும் லீவு போட்டு வந்திருந்தான். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு எல்லோரும் காத்துக் கிடந்த நேரம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன பிரகதி வசமாக மாட்டிக்கொண்டாள்.

"வா பாப்பா. இவன்கிட்ட கொரியன்ல ரெண்டு வார்த்தை பேசு, பார்ப்போம்" என்றார் மதிவாணன், பக்கத்தில் இருந்த மகனைக் காட்டி.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பிரகதிக்கு முதல் பாடத்தில் படித்ததுதான் வாயில் வந்தது.

"தோசொகுவானி ஒதியெயோ?"

தமிழரசன் அவளைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு கடகடவென்று, "தால் பாத் காயௌ? கஸ்தோ ச? ராம்ரோ ச!" என்றான்.

அது கொரியன் இல்லை. பிரகதிக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் கண்டுபிடித்தது அவனுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாலேயே கெஞ்சினான்.

"நே, நே" என்று கொரியனில் ஆமாம் போட்டுப் பணிவாகத் தலையாட்டினாள்.

"என்னம்மா சொன்னான்?"

"லைப்ரரி எங்க இருக்குன்னு கேட்டேன் பெரியப்பா. அண்ணன் வழி சொன்னாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். நெல் மூட்டையில் சாய்ந்திருந்த ஜெகபர் அலி மட்டும், "கொரியாவுலயும் பருப்புக்குத் தால்னுதான் சொல்வாங்களா?" என்று இழுத்தார்.

"தால்னா அங்க நிலா, மாமா." அது நிஜமும்கூட.

"நிலாவுக்கும் லைப்ரரிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ராத்திரியும் திறந்திருக்குமாம்."

அடிபம்பில் அவள் டிபன் கேரியரைக் கழுவும்போது தமிழரசன் வந்தான். "காப்பாத்திட்ட தங்கச்சி. ஃபேக்டரியில சூப்பர்வைசரைத் தவிர அத்தனை பேரும் நேபாளத்துக்காரங்க. ரூமுலயும் அவங்கதான். எனக்கு வந்த ஒரே பாஷை நேபாளி. பருப்புஞ்சோறும் சாப்டியா, எப்படி இருக்கேன்னுதான் கேட்டேன்."

பிரகதி சிரித்த சிரிப்பில் கேரியர் மூடி கைநழுவிச் சேற்றில் விழுந்தது.

"அண்ணே, பண்பாட்டுப் பாடத்துக்கு நான் ஒரு கட்டுரை எழுதணும். உங்க ரூமைப் பத்தியே எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. எங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

அவன் வீட்டில் உட்கார்ந்தே அறைத் தோழர்களுக்கு வீடியோ கால் போட்டார்கள். அவள் கேட்டாள், அவன் மொழிபெயர்த்தான். மதிவாணன் பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. போனில் இருந்தவன்தான் கவனித்தான். கைகூப்பி, "நமஸ்தே, பா!" என்றான்.

"கொரியாக்காரன் எப்படா நமஸ்தே சொல்ல ஆரம்பிச்சான்?"

தமிழரசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். விஷயம் மறுநாளே கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அரசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "கொரியாவுலேருந்து வந்தவன் பேசுறது கொரியன் இல்லன்னு ஒரே நொடியில கண்டுபிடிச்சது யாரு? எம்பொண்ணு!" என்று வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்.

சாயங்காலம் மதிவாணன் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு அரசப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"லீவு முடியறதுக்குள்ள இவனுக்குக் கொஞ்சம் கொரியன் சொல்லிக் கொடும்மா. மக்குத்தனம் பண்ணினா ரெண்டு போடு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."