முன்குறியில் கொஞ்சம் சிவப்பு

ஆர்டிஸ்தான் அதை முதலில் பார்த்தாள். அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில், கவுன்டி பொருட்காட்சித் திடலின் தகரக் கொட்டகைக்குள் மேசை மேசையாகத் துப்பாக்கிகளைப் பரப்பியிருந்தார்கள். காபியை ஊதிக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்றாள். நீலப்பூச்சு தேய்ந்த ஒரு பழைய எஃகு ரிவால்வர். குழல் முனையில், குறி பார்ப்பதற்கான சிறு மேட்டின் கோடுகளுக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஹால்வர், இது என் நெயில் பாலிஷ்."

குறி பளிச்சென்று தெரிவதற்காக அந்தக் காலத்து டெபுடி போலீஸ்காரர்கள் பெண்டாட்டியின் நகப்பூச்சைத் திருடித் தடவுவார்கள். ஆர்டிஸின் புருஷன் மெல்வின் திருடியது, தங்கை கல்யாணத்துக்கென்று அவள் ஆசையாக வாங்கி வைத்த குப்பி. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை மறுநாள் ரோந்து வண்டியில் கூட வந்த டெபுடி ஹால்வரிடம் நடித்தே காட்டினான்.

அந்த மெல்வின் நெடுஞ்சாலை ஓரத்தில் சுடப்பட்டுச் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று அவர்களின் மேலதிகாரி ஷெரிப் ஆர்டிஸிடம் சொன்னார். அடுத்த வருஷமே எல்லோருடைய ரிவால்வரையும் பிடுங்கி வியாபாரியிடம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட புது பிஸ்டலைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆர்டிஸ் அந்த இரும்பைச் சபித்துக்கொண்டிருந்தாள். ஹால்வர் அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள், இதை மட்டும் பேசிக்கொண்டதில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த தாடிக்காரர் சிரித்தார். "அது பேப்பர் வெயிட்டு, பெரியவரே. இதப் பாருங்க. பதினேழு குண்டு புடிக்கும், பூனைக்குட்டி கனம்தான்."

"பூனைக்குட்டியக் காட்டி யாரத் தம்பி பயமுறுத்துவ?"

வாய் வழக்கம்போலப் பேசிவிட்டது. பிளாஸ்டிக் பிஸ்டல் ஹால்வருக்கு எப்போதுமே ஆகாது. சுடச் சுடக் குண்டின் காலிக் கூட்டைத் தானே துப்பிக்கொண்டு போகும், புகையிலை மெல்லும் வாய் மாதிரி. ரிவால்வருக்கு ஒரு மரியாதை உண்டு. குண்டுகள் இருக்கும் உருளையைத் திறந்து, தண்டை அழுத்தி, காலிக் கூடுகளைக் கையில் வாங்க வேண்டும். பயிற்சி நடந்த மேய்ச்சல் நிலம் ஷெரிப்பின் மைத்துனருடையது. புல்லில் ஒரு கூடு கிடந்தால் போதும், மாடு தின்றுவிடும் என்று ஷெரிப் வானுக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். அதனால் கையில் வாங்கியதைக் கோட்டுப் பைக்குள் போட்ட பிறகுதான் அடுத்த ஆறு குண்டைத் தொடுவார்கள். பழகப் பழக யோசனையே இல்லாமல் கை அதைச் செய்யும். சாயங்காலம் எல்லோருடைய பையும் கிலுகிலுவென்று பேசும். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பில் இளமை ஊறும்.

"எடுத்துப் பாரு" என்றாள் ஆர்டிஸ். "கெட்டுப்போன துப்பாக்கின்னு சொல்லிடு, நான் வீட்டுக்குப் போறேன்."

"பாத்தாத்தானே சொல்ல முடியும்."

"நல்லா இருந்துச்சுன்னா?" அவள் குரல் இறங்கியது. "அப்ப அவரு பயந்துபோயி நின்னுட்டாருன்னு அர்த்தமா, ஹால்வர்?"

இத்தனை வருஷமும் அவள் இரும்பைத் திட்டியது எதற்கு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தாடிக்காரர் விசையில் கட்டியிருந்த பாதுகாப்பு நாடாவை வெட்டி, மருந்தில்லாத ஆறு பித்தளைக் குண்டுகளைக் கொடுத்தார். ஹால்வர் போட்டு, தரையைப் பார்த்துப் பிடித்து, விசையை இழுத்தார். டக். உருளை எண்ணெய் விட்டதுபோல் நகர்ந்தது. மறுபடி டக். ஆறு முறையும் எங்கும் தட்டவில்லை, சிக்கவில்லை. 'இரும்பு கைவிடவில்லை' என்று அவருக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. ஆர்டிஸின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்துக்காகவே கூசிப்போனார். உருளையைத் திறந்து, தண்டை அழுத்தி, துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு, ஆர்டிஸ். என்னால பொய் சொல்ல முடியல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குண்டு எங்க, பெரியவரே?" என்று தாடிக்காரர் கையை நீட்டினார்.

"குடுத்தேனேப்பா."

"எங்க குடுத்தீங்க?"

மேசை விரிப்பில் இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்தார். குனியும்போது அவருடைய கோட்டின் வலதுபக்கப் பை கிலுகிலுத்தது.

ஆர்டிஸ் நிமிர்ந்தாள். அந்தப் பையையே பார்த்தாள்.

"அவரு கோட்டுலயும் இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "இதே பக்கம். ஆறு காலிக் கூடு. பயிற்சியில போட்டத மறந்துட்டாருன்னு நெனச்சேன். பட்டன் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."

ஹால்வருக்கு அந்தச் சாலை ஓரம் கண்முன்னே வந்து நின்றது. மெல்வின் பயந்து நிற்கவில்லை. ஆறையும் சுட்டிருக்கிறான். எதிரே இருந்தவன் சுட்டுக்கொண்டே வர, காலிக் கூடுகளை ஒன்றும் சிந்தாமல் கையில் வாங்கி, மாட்டுக்காக, ஷெரிப்புக்காக, பைக்குள் போட்டிருக்கிறான். அதற்குள் முடிந்துவிட்டது.

"நீ அத எப்பப் பைக்குள்ள போட்ட, ஹால்வர்?"

"தெரியல" என்றார்.

தாடிக்காரரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. ஹால்வர் பைக்குள் கையை விட்டார். குண்டுகள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையை வெளியே எடுக்காமல் நின்றார். அசைந்தால் சத்தம் கேட்கும்.