காலி என்று வந்த பதில்

கர்ட் ஹால்வர்சன் நல்லவன்தான். ஏரிக்கரை ஊரான டுலூத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பனி கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வாரிவிட்டுத்தான் உள்ளே போவான். ஆனால் நோரீன் கடாட் விஷயத்தில் மட்டும் அவனுக்கு வயிற்றெரிச்சல். அதை அவன் தனக்குத்தானே கூட ஒத்துக்கொண்டதில்லை.

இருவருக்கும் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேஜை. ஏரி உறைந்ததும் அதன்மேல் குடில் போட்டு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு, எந்த இடத்தில் பனிக்கட்டி ஆளைத் தாங்கும், எங்கே தாங்காது என்று போனில் சொல்லும் சின்னக் கம்பெனி அது. கணிப்பதற்கு கர்ட் ஒரு புரோகிராம் எழுதினான். நோரீனும் ஒன்று எழுதினாள். அவன் நாற்காலியை விட்டு எழாமல் எழுதினான். அவளோ போன குளிர்காலம் முழுக்கத் துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு உறைந்த ஏரிமேல் நடந்து, துளை போட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளந்து, அதை வைத்துத் தன் புரோகிராமைத் திருத்திக்கொண்டே வந்தாள். அடுத்த சீசனுக்கு நோரீனுடையதுதான் என்று முதலாளி லினெட் சொல்லிவிட்டாள்.

"நாற்காலியை சூடாக்கிக்கிட்டு இருந்தா பனியைப் பத்தி எப்படிப்பா தெரியும்?" என்று நோரீன் கிண்டலடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கர்ட்டும் சிரித்துவைத்தான். அதற்கப்புறம் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

மார்ச்சில் பனிக்கட்டி விரிசல் விட்டு, அவளுடைய லேப்டாப் ஏரித் தண்ணீரில் போய்விட்டது. லினெட் பதறினாள். "கவலைப்படாதீங்க, கடைசியா திருத்தினதை, என் அளவுகளோட சேர்த்து மூட்டை கட்டி கிளவுட்ல ஏத்திட்டேன்" என்றாள் நோரீன். கர்ட் அதை நம்பவில்லை. பீலா விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். நம்பாமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதுதான் நிஜம்.

அக்டோபரில் நோரீன் முழங்கால் ஆபரேஷனுக்காக லீவில் போனாள். சீசனுக்கு முன்னால் கிளவுட் தரவுத்தளங்களைச் சுத்தம் பண்ணும் வேலை கர்ட் தலையில் விழுந்தது.

"காலியா கிடக்கிறதை எல்லாம் தூக்கிடு கர்ட்" என்றாள் லினெட். "நோரீன் கை வச்சதுன்னா மட்டும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"கேட்டுக்கறேங்க" என்றான்.

ஒரு புரோகிராமை, அது ஓடுவதற்கு வேண்டிய சகலத்தையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் அது இமேஜ். அந்த மூட்டைகளைத் தரவுத்தளத்துக்குள் அடுக்கி வைக்கும் பரண் ரெபாசிட்டரி. என்னென்ன பரண் இருக்கிறது என்று தரவுத்தளத்தையே எஸ்.க்யூ.எல்லில் கேட்கலாம்; 'ஷோ இமேஜ் ரெபாசிட்டரீஸ்' என்று ஒரு வரி அடித்தால் போதும். ஒரு சங்கதி மட்டும் உண்டு. கேட்பதற்கு முன்னால், எந்த ரோலில், அதாவது யாருடைய அதிகாரத்தில், நின்று கேட்கிறோம் என்று சொல்லவேண்டும். அந்த ரோலுக்கு எதைப் பார்க்க அனுமதியோ அதை மட்டும்தான் அது காட்டும். மற்றதை, இருக்கிறது ஆனால் உனக்குக் காட்டமாட்டேன் என்றுகூடச் சொல்லாது. வாயைத் திறக்காது, அவ்வளவுதான். புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே கர்ட் இதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொடுப்பான்.

பழைய பனி அளவுகளுக்கான தரவுத்தளத்தின் சொந்தக்கார ரோலில் அன்று அவன் நின்றான். வீட்டுக்காரன் வீட்டையே இடித்துத் தள்ளலாம். ஆனால் குடியிருப்பவர் பூட்டிவைத்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அந்த மாதிரி ரோல் அது. அட்டவணைகளெல்லாம் பழசு, வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது. பரண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஒன்றுமில்லை, காலி என்று பதில் வந்தது.

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆக, லினெட்டிடம் கதை அளந்திருக்கிறாள் மகராசி.

ரோலை மாற்றி இன்னொரு தடவை கேட்கலாமே என்று தோன்றத்தான் செய்தது. விசைப்பலகைவரை கை போய் நின்றது. நோரீனுக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்தான், அவள் குரலை நினைத்ததும் வைத்துவிட்டான். பிறகு அந்தத் தரவுத்தளத்தை அப்படியே நீக்கினான். போய்க் காபி ஊற்றிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து லினெட் வந்து, "நோரீனோடதை ஓட்டிப் பாரு, எங்க இருக்குன்னு எழுதி அனுப்பியிருக்கா" என்று திரையைக் காட்டினாள். அவன் நீக்கிய அதே தரவுத்தளம். கர்ட் உடனே நீக்கியதை மீட்கும் கட்டளையை அடித்தான். அட்டவணைகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. இந்தத் தடவை எல்லா ரோலிலும் மாறிமாறி நின்று கேட்டான். பரண் வரவில்லை. கிளவுட்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தான், வருந்துகிறோம் என்று எழுதிவிட்டார்கள். லினெட்டிடம் எதையும் மறைக்கவில்லை. "அவகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் நோரீன் வீட்டுக்குப் போனான். ஊன்றுகோலோடு கதவைத் திறந்தவள், "அட, நாற்காலி கால் முளைச்சு வந்திருக்கே" என்று சிரித்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு, "எந்த ரோல்ல நின்னு கேட்ட?" என்றாள்.

சொன்னான்.

"அதுல என்னோடது தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"காலின்னு வந்தப்போ எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவசரம், மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பியிருப்பார்கள். "சந்தோஷமா இருந்துச்சு" என்றான்.

"அதான் இன்னொரு தடவை கேக்கல."

"ஆமா."

அவள் கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும். கால் சரியானதும் ஏரிக்குப் போகணும்."

"தனியா போக வேணாம் நோரீன்" என்றான் கர்ட். அந்த ஊரில் பனி அளக்க யாரும் தனியாகப் போவதில்லை. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். "நான் வர்றேன். குளிர்காலம் பூரா வர்றேன். கயிறு நான் பிடிக்கறேன்."

நோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கயிறு பிடிக்கிற ஆளு, நான் உள்ள விழுந்தா சந்தோஷப்படக் கூடாது கர்ட்."

கர்ட் கழற்றாமலிருந்த கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.