இரண்டு பிளக்கும் ஒரு கிராணியும்

லாபு ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர்களை இணைக்க நான் பொருத்திக் கொடுத்தவை இரண்டு நெட்வொர்க் சுவிட்ச். கேபிளால் பிணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யும். வேகம் கூடும், ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும். அதற்காகத்தான் சுவரில் தனித்தனிப் பாயிண்டில் செருகி, இரண்டு பிளக்கிலும் 'கழற்றாதீர்' என்று லேபிளும் ஒட்டினேன்.

சொந்தக் கம்பெனி தொடங்கியபின் இதுதான் முதல் வேலை. மேனேஜர் தேவன் சோதித்துத் திருப்திப்பட்டால் கோலா சாவா ஆலை வேலையும் எனக்கே. இல்லையென்றால் பழைய முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்குச் செம்பனைப் பழம் பொறுக்கப் போகலாம்.

சோதனை ஆயுத பூஜைக்கு மறுநாள். தேவன் சுவரிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கினார். லாரி நிறுக்கும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. வாசலில் பழ லாரிகள் ஹார்ன் அடித்தன.

"என்ன மோகனா, ஒண்ணு போனா ஒண்ணு தாங்கும்னீங்க?"

எனக்குக் காது சுட்டது. சுவிட்சுகள் வைத்த அலமாரிக்குள் தலையை விட்டேன். சுவிட்சுகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. இரண்டு பிளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குந்தியிருந்தன. தேவன் பிடுங்கியது அந்த எக்ஸ்டென்ஷனை. மற்ற பாயிண்டில் சரஸ்வதி படத்துக் கலர் விளக்கு ஜம்மென்று மின்னியது.

"யாரு வேலை இது?"

இருபது வருடமாகக் கணக்கெழுதி அந்த ஆபீசைக் கட்டி மேய்க்கும் கிராணி கணேசமூர்த்தி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. சாமி லைட்டுக்குப் பாயிண்ட் இல்ல."

"லேபிள் ஒட்டியிருந்தேனே!"

"அதுக்குத்தான்லா மொதப் பொட்டு வச்சேன்."

உண்மைதான். ஓர் எழுத்தும் தெரியாமல் அப்பியிருந்தார்.

கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. விளக்கைக் கழற்றப் போனேன். கிராணி குறுக்கே நின்றார்.

"விஜயதசமி அன்னிக்குச் சாமி லைட்ட அணைக்கிறதா? வேணாம்லா."

சரி, சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. தேவன் வாயைத் திறப்பதற்குள் அவர் அறைக் காற்றாடியைக் கழற்றி, எக்ஸ்டென்ஷனை அங்கே செருகி விளக்கை எரியவிட்டேன். சுவிட்சுகளைப் பழையபடி தனித்தனிப் பாயிண்டில் மாட்டினேன். அவை உயிர்பெற ஐந்து நிமிடம். நான் பத்துத் தடவை செத்தேன்.

தேவன் ஒன்றைப் பிடுங்கினார். லாரியின் எடைச் சீட்டு நிற்காமல் வந்தது. அதைச் செருகி மற்றதைப் பிடுங்கினார். அப்போதும் வந்தது.

அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "திங்கக்கிழம கோலா சாவா போங்க. கிராணியையும் கூட்டிட்டுப் போங்க."

"அவரு எதுக்கு சார்?"

"அவரு கைக்குத் தாங்குச்சுன்னா, எதுக்கும் தாங்கும்லா."

கணேசமூர்த்தி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தைப் பையில் எடுத்துவைத்தார்.