படிக்கட்டு நந்தியாவட்டை

ஜஹீராவுக்கு இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. பல்லாவரம் தோல் கம்பெனியில் பகலெல்லாம் குனிந்து ஷூ தைத்துவிட்டு வந்தவள், கோவிலம்பாக்கம் வீட்டில் மண் நிரம்பிய பெயிண்ட் வாளிகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் புருஷன் காஜா.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கனின் உத்தரவு அது. ஜஹீராவின் குடித்தனம் முதல் மாடியில். படிக்கட்டு ஓரத்தில் படிக்கொரு வாளியாக இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை வைத்திருந்தாள். எல்லாம் குட்டை ரகம். ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் பூக்கும், இடுப்புக்கு மேல் வளராது.

“படிக்கட்டு பொது வழிம்மா. அசிங்கமா டப்பா வெச்சா பாக்கறவா என்ன நெனைப்பா?”

“மேல வெயில்ல கருகிடும் சார்.”

“செடின்னா வெயில் வேண்டாமா?” பேங்கில் ரிட்டையர் ஆன மனிதர், செடியைப் பற்றியும் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஜஹீரா குனிந்து முதல் வாளியைத் தூக்கினாள். வாயைத் திறந்தால் சொல்வதற்கு ஒன்று இருந்தது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் பூப் பறிக்கும் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் மனைவி சாவித்ரி இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, கூடையும் கையுமாக வந்து போவாள். கீழ்வீட்டுப் பெருமாள் இரண்டு வருஷமாகச் சாத்திக்கொண்டது ஜஹீராவின் பூ. பூக்காரியிடம் வாங்குவதாகச் சொல்லிக் கணவரிடம் காசும் வாங்கிக்கொண்டிருந்தாள் சாவித்ரி. அவளும் கேட்டுப் பறிக்கவில்லை, ஜஹீராவும் ஏன் என்று கேட்கவில்லை. வாடகை ஏறாத வீட்டில் பூவுக்காகவா வாயைக் கொடுப்பது?

“வூட்டுக்காரரோட சாமி நம்ம வாளிலதான் பூ எடுத்துகினு கீதுன்னு சொல்றதுக்கு இன்னாடி?” என்றான் காஜா மூச்சு வாங்க.

“சொல்லி வாடகைய ஏத்தினா நீ குடுப்பியா? வாளியப் புடி.”

மறுநாள் சாவித்ரி வெறும் படிக்கட்டில் வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனாள். மொட்டை மாடிவரை ஏற அவள் முட்டி விடவில்லை. பெருமாளுக்குத் துளசி மட்டும்தான். இரண்டு நாள் பொறுத்த ஸ்ரீரங்கன் கத்துவது மாடிக்கே கேட்டது.

“பூ எங்கே?”

“நீங்கதானே மேல அனுப்பினேள்?”

“அப்போ நான் குடுத்த காசு?”

சாவித்ரி குக்கரைத் தடாலென்று அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

சித்திரை வெயிலில் இலைகள் சுருண்டுவிட்டன. கம்பெனியிலிருந்து வந்ததும் ஜஹீரா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். இன்னும் இரண்டு நாள் விட்டால் செடிகள் பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கனே கதவைத் தட்டினார்.

“செடியெல்லாம் மேல வாடறதே, பாவமா இல்லையா? அதுவும் உயிர்தானேம்மா. பழையபடி படியிலயே வெச்சுடு.”

“பொது வழியாச்சே சார்?”

“படி அகலமாத்தானே இருக்கு?”

“இடுப்பு புடிச்சிகிச்சு சார். அவரும் லோடு வண்டிக்குப் போயிட்டாரு. நீங்களே எறக்கிடுங்களேன்.”

ஸ்ரீரங்கன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். இட்லிப்பூ இறங்கியது. செம்பருத்தி இறங்கியது.

“ஓரமா சார். வளைவுல மெதுவா,” என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள் ஜஹீரா. ஒருவர் அவளுக்காகச் சுமப்பதை நின்று பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாக நந்தியாவட்டை. அதிகம் பூப்பதும் அதுதான். வளைவில் வாளியின் கைப்பிடி கழன்றது. படி படியாக உருண்டு கீழே போய் விழுந்து, வாளி பிளந்து, செடி அடியோடு முறிந்தது.

“ஐயையோ, பூ!” என்று ஓடி வந்த சாவித்ரி, நசுங்காத மொட்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில புதுசு வாங்கித் தந்துடறேம்மா,” என்றார் ஸ்ரீரங்கன், கையைத் துடைத்தபடி.

வெள்ளிக்கிழமைகள் வந்து போகின்றன. சாவித்ரி இப்போதெல்லாம், “எடுத்துக்கட்டுமா ஜஹீரா?” என்று வாய்விட்டுக் கேட்டே பறிக்கிறாள். பதில் வருவதற்குள் பூ கூடைக்குள் போய்விடுகிறது. வாடகை வாங்கும்போது, “சந்தைக்குப் போகணும், எங்கே ஒழியறது?” என்கிறார் அவர்.

பூத்துக்கொண்டிருந்த குட்டை நந்தியாவட்டை ஒன்று, மண்ணோடும் வாளியோடும், ஸ்ரீரங்கன் ஜஹீராவுக்கு இன்னும் பாக்கி.