இருபது ரூபாய் மாலுமி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தேன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரி. மழைக்கு ஒதுங்கியவன் தேங்காய் பன்னும் டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் கௌசிக் என்று ஒருவர், முப்பது வயது இருக்கும், நண்பர்களிடம் ஒரு பழைய காமிக்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பளபளப்பான கவர் போட்டிருந்தார். யாரையும் தொடவிடவில்லை.

"அறுபது ரூபாய்டா. நாமக்கல்ல ஒரு வீட்டு வாசல்ல. வேப்பமரத்து நிழல்ல கட்டில் போட்டு, வத்தல் மாதிரி பரப்பி வெச்சிருந்தாங்க. விப்பீங்களான்னு கேட்டேன். அந்த அக்கா அறுபதுன்னாங்க. எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்."

நண்பர்கள் சிரித்த சிரிப்பில் என் மேசையில் டீ தளும்பியது. நானும் சிரித்தேன். புத்தகத்தின் பெயர் 'தலையில்லா மாலுமி'.*

* அப்படி ஒரு காமிக்ஸ் கிடையாது. தேடாதீர்கள். உண்மையான பெயரைப் போட்டால் சேகரிப்பவர்கள் அட்டையின் நிறத்திலிருந்து ஆரம்பித்துப் பிழை திருத்த வருவார்கள். அவர்களிடம் மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"அதிர்ஷ்டம் கதவைத் தட்டும் என்பார்கள். கௌசிக்குக்கு அது கட்டில் மேல் காற்று வாங்கிக்கொண்டு—"

வேண்டாம். சாமர்த்தியம் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது:

"நாமக்கல் கோட்டையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு—"

நாமக்கல் என்றதும் எல்லோரும் கோட்டையில்தான் ஏறுகிறார்கள். இறங்கிவிட்டேன். மூன்றாவது:

"'அக்கா, இதெல்லாம் விக்கிறதுக்குங்களா?' என்று கேட்டார் கௌசிக்."

இது தேவலை. ஆனால் கேட்டது யாரை? அந்தப் பெண்ணுக்கு என் கதையில் முகமே இல்லை. பேனா அங்கேதான் நின்றது. கண்டெடுத்தவரின் கதை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: பார்த்தார், வாங்கினார், ஓடினார். இதில் நான் செய்ய என்ன இருக்கிறது? சேகரிப்பவர்கள் கூடினால் இப்படி ஆளுக்குப் பத்துக் கதை சொல்வார்கள். எல்லாவற்றிலும் வாங்கியவர் இருப்பார், விற்றவர் இருக்க மாட்டார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய தாளை வெயிலில் போட்டால் பொடிந்துபோகும் என்று தெரிந்து, நிழலில் கட்டில் போட்டுப் பரப்புகிற ஆள், அந்தப் புத்தகத்தின் அருமை தெரிந்த ஆள். அதையே அறுபது ரூபாய்க்குத் தூக்கிக் கொடுக்கிற ஆளுக்கு விலை தெரியாது. இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது. அப்படியென்றால் அந்த வீட்டில் இரண்டு பேர்.

புருஷன் பெண்டாட்டி. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

3

அவன் பெயர் தனபால். (கௌசிக்குக்கு மரியாதை கொடுத்தீரே, இவனுக்கு ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். கௌசிக் நிஜ ஆள். இவன் நான் பெற்ற பிள்ளை.) நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான். வீட்டில் இரண்டு பீரோ. ஒன்று முழுக்கக் காமிக்ஸ். இன்னொன்றிலும் பாதி காமிக்ஸ், மீதியில் அவன் மனைவி கோகிலவாணியின் சேலைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

சேகரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாங்கிய விலையை வீட்டில் அப்படியே சொல்ல மாட்டார்கள். சிலர் பாதியாக்குவார்கள், சிலர் காலாக்குவார்கள். தனபாலுக்கு நிதானம் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றவனிடம் கோகிலவாணி, "என்ன வெலைங்க?" என்று கேட்டாள். கொடுத்தது ஆயிரக்கணக்கில். வாய் சொன்னது வேறு.

"இருவது ரூவா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு பழைய பேப்பர் கடையில சிக்குச்சு."

"இருவதுக்குத் தேவலைங்களே" என்றாள் அவள். சொன்னபோது அவள் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. அவனைக் கெடுத்தது அந்த மரியாதைதான்.

ஏனென்றால் கோகிலவாணி வெண்ணந்தூர்க்காரி. அப்பாவுக்குச் சொந்தமாகத் தறி. பாவாடை கட்டிய வயதிலேயே நூல் வியாபாரியிடம் பேரம் பேசி, அவரைத் தண்ணீர் கேட்க வைத்தவள். வாங்கத் தெரிந்தவன் பிழைக்கத் தெரிந்தவன் என்பது அவள் கட்சி. அப்புறம் வந்த புத்தகம் எல்லாமே இருபது ரூபாய்தான். கூரியர் பட்டறை முகவரிக்கு வரும். அங்கே பிரித்து, பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். முட்டை ஏறிற்று, டீசல் ஏறிற்று, வெங்காயம் ஏறி இறங்கி மறுபடி ஏறிற்று. எட்டு வருடமாக அந்தப் பீரோவுக்குள் மட்டும் விலைவாசி அசையவில்லை.

(இங்கே எனக்கு ஒரு பயம். தனபாலை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ? இவ்வளவு புளுகுகிற ஆள் நம் தெருவில் இருந்தால் நாமே நாலு வார்த்தை கேட்போம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: குடும்பச் செலவில் அவன் கை வைத்ததே இல்லை. பட்டறையில் கூடுதல் நேரம் நின்று சம்பாதித்த காசு அது. இதைச் சொன்னதால் நான் அவன் பக்கம் என்று—

சரி, கொஞ்சம் அவன் பக்கம்தான்.)

4

அன்று காலை புத்தகங்களைக் காற்றாடப் பரப்பியவனுக்குப் பட்டறையிலிருந்து அவசரமாகப் போன் வந்தது. கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடினான். சாயங்காலம் திரும்பியபோது கோகிலவாணி வாசலிலேயே நின்றாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினான். மூன்று இருபது ரூபாய்த் தாள்களை உள்ளங்கையில் வைத்து மடக்கிவிட்டாள்.

"இருவதுக்கு வாங்குனத அறுவதுக்குத் தள்ளிட்டேனுங்க. இதுல இன்னும் மூணு வாங்கிக்கலாம்."

"எதக் குடுத்த?"

"மேலாப்புல இருந்துச்சுங்களே, தலை இல்லாம ஒருத்தன் கப்பல் ஓட்டிட்டு. தலையே இல்லாதவனுக்கு அறுவது ரூவா கெடச்சுதுன்னாப் பாருங்க."

தனபால் கையை விரித்து அந்த மூன்று தாள்களையும் பார்த்தான். மூன்று வருடம் காத்திருந்து, யார் யாரையோ கெஞ்சி, நாலாயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கியது அது. கத்தியிருக்கலாம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவனால் முடியவில்லை, காரணம் அவள் முகம். எட்டு வருடத்தில் அவள் அந்தப் புத்தகங்களைத் தொட்டதில்லை. உங்க பொழப்பு உங்களுக்கு என்று விலகிப் போய்விடுவாள். இன்றைக்கு அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதில் ரெண்டு பிரதி இருக்கிறது, எந்த அட்டைக்கு மவுசு என்று விசாரிக்கிறாள். ஒரு புத்தகத்தை விரித்துப் படம் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். இப்படி ஒரு நாள் வராதா என்று அவன் ஏங்கியிருக்கிறான். வந்தது, இந்த லட்சணத்தில் வந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கற, கோகிலா" என்றான்.

"ஞாயித்துக்கெழம நானும் வாரேனுங்க. அந்தப் பேப்பர் கடையக் காட்டுங்க. நீங்க பொறுக்கி எடுங்க, நான் வித்துத் தாரேன். ரெண்டு பேரும் சேந்தே பண்ணலாம்."

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கும் இறங்கவில்லை. முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கோகிலவாணிக்கு எல்லாம் முன்பே தெரியும். விலை தெரிந்தே வேண்டுமென்று விற்று அவனுக்குப் பாடம் புகட்டினாள். நம் கதைகளில் மனைவிகளுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருக்கும். எழுதுகிறவனுக்கு அது ரொம்ப சௌகரியம், புருஷன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: கௌசிக் மனம் உறுத்தி, புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரிடம் ஒரு கிட்னியைக்கூடக் கேட்டு வாங்கிவிடலாம், அந்தப் புத்தகத்தை வாங்க முடியாது.

மூன்றாவது என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் இவர்களைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

6

ராசிபுரம் வழியாகப் போகிற பஸ். ஜன்னலோரம் கோகிலவாணி, மடியில் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த இரண்டு பெரிய பைகள். வழியெல்லாம் திட்டம். தனபால் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டே "உம்" கொட்டினான்.

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே அவளைச் சந்து சந்தாக நடத்தினான். அவன் அங்கே புத்தகம் வாங்கியதே கிடையாது. ஏதாவது ஒரு பழைய பேப்பர் கடை கண்ணில் பட்டால் போதும் என்று நடந்தான். பட்டது. தராசுக்குப் பின்னால் கடைக்காரர் கருப்பண்ணன் காதில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, சௌக்கியங்களா? வழக்கமா வாங்குவனே, காமிக்ஸ்" என்றான் தனபால், பல வருடப் பழக்கம்போல.

கருப்பண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆரு தெரியலீங்களே."

"கூட்டம் வர்ற கடை. மறந்திருப்பாரு" என்றான் மனைவியிடம்.

"படக்கதப் பொஸ்தகம்னா மூலையில ஒரு கட்டு கெடக்குதுங்க. ஆரோ நேத்துப் போட்டுட்டுப் போனாங்க. நானே இன்னும் பிரிக்கல. வேணும்னா பிரிச்சுப் பாத்துக்கங்க" என்றார் கருப்பண்ணன்.

சணல் கயிறு போட்டு இறுக்கிய கட்டு. ஓரத்தில் மட்டும் வண்ணம் தெரிந்தது. கோகிலவாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சை நெருடத் தொடங்கினாள்.

மூன்றாவது முடிவு இதுதான். கட்டு என் கையில் இருக்கிறது. உள்ளே இன்னொரு தலையில்லா மாலுமியை வைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். அவளுக்கு இருபது ரூபாய்க்குப் புதையல் கிடைக்கும். எட்டு வருடப் பொய் ஒரே நொடியில் நிஜமாகும். அவன் காலம் முழுக்க வாயைத் திறக்க வேண்டாம். வாழ்க்கையில் இப்படி நடந்தால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர். கதையில் நடந்தால் சோம்பேறித்தனம். தெரிந்தும் எனக்குக் கை அரித்தது. கௌசிக்குக்குக் கிடைக்கலாம், இவளுக்குக் கிடைக்கக் கூடாதா? எழுதியும் விட்டேன்:

"முடிச்சு அவிழ்ந்தது. கட்டின் நடுவில், மூலை மடங்காத நீல அட்டை ஒன்று—"

தனபால் என்னை முடிக்க விடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சின் மேல் கையை வைத்துவிட்டான். நான் அப்படி எழுதவில்லை, சத்தியமாக.

"அவுக்காத, கோகிலா. ஒன்னு சொல்லோணும்."

"என்னங்க?"

"இருவது இல்ல. எதுவுமே இருவது இல்ல. இந்தக் கடைக்கே நான் இன்னைக்குத்தான் வாரேன்."

அவள் கயிற்றை விடவில்லை. "அந்தத் தலையில்லாதவன்?"

சொன்னான். விலையைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போய், கருப்பண்ணனுக்குக் கேட்காதபடி சொன்னான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. எட்டு வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் சரியான விலை அது.

அழுவாள் என்றோ ஏசுவாள் என்றோ நினைத்து இரண்டுக்கும் வசனம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"அந்தப் பையன் பேரமே பேசலீங்க" என்றாள். "எம் பேச்சுக்கு மறுபேச்சில்லாமக் குடுக்கறான்னு நான் பெருமையா நெனச்சேன்."

தனபால் ஏதோ சொல்ல வந்தான். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

"நீங்க பொய் சொன்னது நம்ம ஊட்டுக்குள்ள. அது கெடக்கட்டும், பாத்துக்கலாம். ஆனா இந்நேரம் அவன் எங்கியோ உக்காந்து, என்னையச் சொல்லிச் சிரிச்சிருப்பானுங்களா?"

7

தனபால் என்னைப் பார்க்கிறான். நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

'இல்லை' என்று சொல்ல அவனுக்கு ஆசை. ஆனால் இனி அவளிடம் இல்லாததைச் சொல்ல மாட்டான். 'ஆமாம்' என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை, பேக்கரியில் சேர்ந்து சிரித்த எனக்கும் வரவில்லை. கருப்பண்ணன் வேறு, எடுக்கறீங்களா வெக்கறீங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இதை உங்கள் கையில் கொடுக்கிறேன். நான் எழுதிய அந்த நீல அட்டையை எடுத்துவிட்டேன். கட்டுக்குள் இப்போது எதுவும் எழுதப்படவில்லை. நீங்கள் மாலுமியை வைக்கலாம், போன வருடத்துப் பத்தாம் வகுப்பு நோட்ஸை வைக்கலாம், உங்கள் இஷ்டம். ஆனால் முடிச்சை இன்னும் அவிழ்க்காதீர்கள். அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். முதலில் அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.