வழக்கமான புகை

மலை எரிந்து அணைந்த நாலாம் நாள் காலை, கோபுரக் காவலரின் சட்டைக் காலருக்குள்ளிருந்து புகை வர ஆரம்பித்தது. ஊசியில் கோக்கிற நூலின் பருமன்தான் இருக்கும். பிடரியிலிருந்து கிளம்பி நேராக மேலே போனது. காற்றடித்தால் சாயவில்லை, மழை பெய்தால் கலையவில்லை. மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார், தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. தெர்மாமீட்டர் வைத்தார், எல்லோருக்கும் இருக்கிற சூடுதான் இருந்தது. தலைவலி உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பிறகும் தலைவலி மாத்திரையே எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் புகை நிற்கவில்லை.

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று அடுத்த வீட்டுக் கதைகளுக்கெல்லாம் சொல்லிவந்த பேச்சு, இப்போது இரண்டு கால் முளைத்து ரொட்டிக்கடை வரிசையில் வந்து நின்றது. தீ இரண்டரை நாள் எரிந்திருந்தது. கிழக்குச் சரிவு முழுக்கக் கரியாகி, மேல்தெருவில் நாற்பத்தொரு வீடுகள் போய், ஆறு பேர் செத்திருந்தார்கள். காவலரின் வேலையோ ஒன்றே ஒன்று: மலைமேல் கோபுரத்தில் உட்கார்ந்து புகையைக் கண்டால் சங்கை ஊத வேண்டும். அன்று கடைத்தெருவில் இருந்தவர்கள் புகையைப் பார்த்து, அது மேகமா புகையா என்று வாதாடி, புகைதான் என்று முடிவுக்கு வந்து, அதற்கும் பிறகுதான் சங்கு ஊதியது. முழுதாகக் கால் மணி நேரம் தாமதம். அந்தக் கால் மணி நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பார்த்தேன், ஊதினேன் என்ற இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். விசாரணைக்கு வந்த அதிகாரி மூன்று நாள் தங்கி, அவரை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்து, ‘இவரிடம் புகை உண்டு, தீ காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கோபுர வேலை பறிபோய், அலுவலகம் கூட்டுகிற வேலை கிடைத்தது. சிம்னி என்று பெயரும் வைத்தார்கள்.

சந்தேகம் அவரோடு நிற்கவில்லை. மளிகைக்காரர் தீப்பெட்டி வாங்குகிறவர்கள் பெயரைக் குறித்துவைத்தார். அவரே ஏன் இத்தனை தீப்பெட்டி வைத்திருக்கிறார் என்று மற்றவர்கள் குறித்துவைத்தார்கள். ஆனாலும் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டவள் காவலரின் மனைவிதான். அவள் சலவைக்கடைக்காரி. கீழ்த்தெருவின் கடைசிக் கட்டடம் அவளுடைய கடையும் வீடும். கொல்லையைத் தாண்டினால் காடு. காற்று மேல்நோக்கி அடித்ததால் தீ அந்தக் கட்டடத்தைத் தொடவில்லை, கொடியில் காய்ந்த துணிகூடக் கருகவில்லை. வீடு தப்பியதையும் ஊர் அவர் கணக்கில்தான் சேர்த்தது. அவளும் சேர்த்தாள். ஏனென்றால் செத்த ஆறு பேரில் ஒருத்தி அவளுடைய ஒரே தங்கை.

அன்று காலைதான் தங்கை கடைக்கு வந்திருந்தாள். சலவைக்கடைக்காரி அப்போது கொல்லையில் இஸ்திரிப் பெட்டியின் பழைய கரியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து “அக்கா” என்று குரல் கேட்டதும் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள். தங்கை நாலு தலையணை உறையும் இரண்டு ஜன்னல் திரையும் கொண்டுவந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரின் பிடிவாதங்களைச் சொல்லி, தன் கணவரைப் பற்றி ஒரு கேலியும் பேசிச் சிரித்துவிட்டுப் போனாள். நண்பகலில் மேல்தெரு எரிந்தபோது மாமியாரை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள் என்றார்கள். அவளுடைய கணவர், சலூன்காரர், தனியாக இறங்கி வந்தார். பின்னாலேயே வருகிறாள் என்றுதான் நினைத்தாராம். மறுநாள் சாம்பல் அப்பிய முகத்தோடு சலவைக்கடைக்காரி வீடு திரும்பினாள். குழாய்கள் முந்தின நண்பகலோடு வறண்டிருந்தன. நல்லவேளையாகக் கொல்லையில் ஒரு குடம் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது. அதில் முகம் கழுவிக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், அவள் வேவு பார்த்தாள். அவர் சட்டைப் பைகளைத் துவைக்கும் முன் மோந்து பார்த்தாள். சாப்பிடும்போது திடீரென்று தீ அன்று எந்தப் பக்கம் கிளம்பியது என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் காலரைப் பார்த்தாள். சலூன்காரர் நடுத்தெருவில் கொலைகாரன் என்று கத்தியபோதும் புகை நூலாகவே இருந்தது. அது பருத்தது ஒரே சமயத்தில்தான்: அவளுடைய இஸ்திரிப் பெட்டியில் கரி கனலும்போது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நெருப்பைக் கண்டால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு கட்டினாள். தீக்கு அப்புறம் அவரிடம் இன்னொரு புதுப்பழக்கமும் வந்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, கரியைக் குழியில் கொட்டி, ஒரு குடம் ஊற்றி, இன்னொரு குடமும் ஊற்றி, விரலை விட்டுக் கிளறிப் பார்ப்பார். சூடு பட்ட பூனை பாலைக் கண்டு பயப்படுகிற மாதிரி நடிக்கிறார் என்று அவள் நினைத்தாள். நாலு தலையணை உறையும் இரண்டு திரையும் இஸ்திரி போட்டு மடித்தபடி அலமாரியில் இருந்தன. யாரும் வாங்க வரவில்லை.

ஒன்பதாம் வருஷம் ஊர் புதுக் கோபுரம் கட்டியது. அதைத் திறப்பதற்கு முன் பழையதைத் தீர்த்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சிம்னியை ஊரைவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. சலூன்காரர் கடைக்கு வந்து, கட்டினவளே சொல்லிவிட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், தங்கைக்காக நீங்கள் அதையாவது செய்ய வேண்டும் என்றார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கூட்டத்தன்று மதியம், பெட்டியைக் கையில் வைத்தபடியே கணவரிடம் கேட்டாள்.

“நீங்கதான் வெச்சீங்களா?”

“ஆமா. நான்தான்னு சொல்லிடு. இன்னியோட முடிஞ்சிரும்.”

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில், அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். கரியைக் கொட்டினார். ஒரு குடம் ஊற்றினார், இன்னொரு குடம் ஊற்றினார், விரலை விட்டுக் கிளறினார். காலர்ப் புகை கயிறாகப் பருத்து மேலே போனது. ஒன்பது வருஷமாகத் தினம் கண்ணில் பட்டதை அவள் அன்றுதான் பார்த்தாள். காட்டையே கொளுத்தின ஆள் என் கரிக்கு ஏன் பயப்படுகிறார் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் அவளுக்கு அந்தக் குடம் ஞாபகம் வந்தது. காலையில் அவள் பிடித்துவைக்கிற ஒரு குடம், கரியில் ஊற்றுவதற்கென்றே பிடிக்கிற குடம். தங்கை கூப்பிட்டபோது பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. மறுநாள் அவள் முகம் கழுவியபோது அது தளும்பிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நான் தண்ணி ஊத்தல,” என்றாள்.

அவர் விரலில் ஒட்டிய ஈரக்கரியைத் துடைத்துக்கொண்டார்.

“கோபுரத்துலேருந்து பாத்தா நம்ம கொடி தெரியும். துணிக்குப் பின்னாலதான் புகை கிளம்புச்சு. யார் கண்ணுலயும் படறதுக்குள்ள அணைச்சிரலாம்னு இறங்கி ஓடியாந்தேன். பாதி வழியிலயே கை மீறிப் போச்சு. திரும்ப ஏறிப்போய் ஊதினேன். கரி உன்னுது. கால் மணி நேரம் என்னுது.”

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் அவரைச் சந்தேகப்பட அவளை விட்டுவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இந்த மனிதர் சும்மா சாப்பிட்டுத் தூங்கினாரே என்ற கோபம். பிறகு அந்த “அக்கா” காதில் கேட்டது. ஒன்பது வருஷமாக எடுத்து எடுத்துப் பார்த்துத் துடைத்துவைத்த அந்தக் குரல்தான் கரியை அணைக்கவிடாமல் கூப்பிட்டது என்று புரிந்ததும் குழியருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு பற்றி எரிந்தது. பிடரியில் ஏதோ ஊர்வது போலிருந்து தட்டிவிட்டாள். அது புகை. அதே நேரத்தில் அவர் காலர்ப் புகை பாதியாக இளைத்தது.

மண்டபத்துக்குள் அவள் புகையோடு நுழைந்தாள். கூட்டத் தலைவர் எழுதிவந்த பேச்சைத் தேடினார். சலூன்காரர் வழக்கம்போல எழுந்து, நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊரைப் பார்த்துக் கேட்டார்.

“புகையாது,” என்றாள் அவள். கரியையும் குடத்தையும் கால் மணி நேரத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். யாரும் கத்தவில்லை. இரண்டு பேரையும் அனுப்பிவிடலாம் என்று பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்து, தன் பக்கத்தில் இருந்தவர்கள் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொள்வதைக் கண்டு தானும் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சலூன்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“கடைசியா அவ என்ன பேசிட்டிருந்தா?”

“ஊருக்கெல்லாம் மீசை ஒதுக்குறாரு, அவரு மீசை மட்டும் ஒரு பக்கம் ஏறி நிக்குதுன்னு சிரிச்சா.”

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்கவில்லை.

“நான் திரும்பிப் பாக்கவே இல்லக்கா,” என்றார். அவர் வெள்ளைச் சட்டையின் காலருக்குப் பின்னால் சன்னமாக ஒரு நூல் கிளம்பியது.

கூட்டம் தீர்மானம் ஏதும் போடாமல் கலைந்தது. புதுக் கோபுரத்துக்கு வந்த காவலர் வெளியூர்க்காரர், வேலையில் கறாரானவர். முதல் வாரத்திலேயே நாலு தடவை சங்கை ஊதி ஊரை வெளியே ஓடவிட்டதால், மேலதிகாரி ஏறிவந்து அந்தப் புகை கிளம்புகிற இடத்தை அவருக்குச் சுட்டிக்காட்டினார். அதற்கப்புறம் பதிவேட்டில் தினமும் ஒரே வரிதான் எழுதப்பட்டது: ‘கீழ்த்தெருக் கடைசி, சலவைக்கடை. இரண்டு புகை. வழக்கமானது.’ சலூனுக்கு விடுமுறையான நாட்களில் மட்டும், இரண்டு என்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.