குழவி கட்டிய புடலங்காய்

பாக்கியலட்சுமி குழவிக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். சாமி அறையில் இல்லை, தோட்டத்தில், ஒரு குழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து. பந்தலிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டு, தரைக்கும் கீழே அவள் வெட்டிய குழிக்குள் போயிருந்தது ஒரு புடலங்காய். அதன் நுனியில் கயிற்றால் கட்டியிருந்த சின்னக் கருங்கல் குழவிக்குத்தான் மூன்று பட்டை போட்டு நடுவில் குங்குமமும் வைத்தாள். புடலைக்குக் கல் கட்டாவிட்டால் அது இஷ்டத்துக்குச் சுருண்டுகொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் கூழாங்கல்லைக் கட்டுவார்கள். பாக்கியத்துக்குக் கூழாங்கல்லிடம் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் கடை வைத்திருந்த காலமெல்லாம் இஞ்சியும் பூண்டும் நசுக்கிக் கொடுத்த குழவி இது. வேலை தெரிந்த கல்.

திருநீறு எதற்கு என்றால், தனசேகரனின் கண்ணுக்கு.

தனசேகரன் தோட்டக் கமிட்டியின் தலைவர். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆட்களை விரட்டிய குரலை இங்கே கத்தரிச் செடிகளிடம் காட்டிக்கொண்டிருந்தார். பாசிர் ரிஸ் அடுக்குமாடிப் புளோக்குகளுக்கும் கடற்கரைப் பூங்காவுக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பாத்தி, குலுக்கலில் கிடைத்தது. கடைசி மூலை பாக்கியத்துக்கு. அவள் படகுத்துறையில் தூக்கிப் போட்ட பழைய மீன்வலையை எடுத்து வந்து பந்தல் கட்டியதும் அவருக்குப் பிடிக்கவில்லை, குழி வெட்டியதும் பிடிக்கவில்லை.

"பாக்கியம்மா, யாராச்சும் இதுல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"நீங்க கீழ பார்த்து நடங்கண்ணே. அடுத்தவங்க பாத்தியையே பார்த்துக்கிட்டு நடந்தா விழத்தான் செய்வீங்க."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இவ்ளோ பெரிய கொடியில ஒத்தைக் காயை விட்டுட்டு மிச்ச பிஞ்செல்லாம் கிள்ளிப் போட்டிருக்கீங்க. அது அழுகிப்போச்சுன்னா?"

அழுகத்தான் கூடாது. கமிட்டியின் விதி ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் அறுவடை நாளில் எல்லாரும் தங்கள் பாத்தியில் விளைந்ததை மேசைமேல் வைக்க வேண்டும். இரண்டு வருஷம் தொடர்ந்து வெறுங்கையோடு வந்தால் பாத்தி போய்விடும். போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததில் அவள் பாத்தியில் புல்தான் விளைந்தது. இந்த வருஷம் அறுவடை நாள் நாளைக்கு.

பாத்தி போனால் என்ன, காய் பசாரில் கிடைக்காதா என்று மகள் இனியா ஒரு நாள் கேட்டாள். பாக்கியத்துக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பு அள்ளி விழுந்துவிட்டது. கேண்டீன் கடை கையை விட்டுப் போன பிறகு எட்டு மாதம் அவள் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடியே இருந்தாள். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. நூறு பிள்ளைகளுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. அந்தக் கைகளுக்கு மறுபடி வேலை கொடுத்தது இந்த மூலைதான். பிஞ்சுகளைக் கிள்ளியதும் தெரிந்தேதான். நாலு சுமாரான காயோடு போய்த் தலையைக் குனிந்து நிற்க அவள் தயாராக இல்லை. தோட்டமே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரே ஒரு காய். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அப்போதுதான் மேடம் லிம் கத்தினார். பக்கத்துப் பாத்திக்காரர். அவருடைய மாத்தா பூத்தே குருவி கூண்டோடு மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை காட்டிய பக்கம் பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். கடலுக்கும் மேகத்துக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தூண் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் அந்த மாதிரி நீர்ச்சுழல் கடலில் தலைகாட்டுவது உண்டு. ஆளுக்கொரு படம் எடுத்து அனுப்புவதற்குள் கரைந்துபோகும். இது கரையவில்லை. கரையேறிவிட்டது.

"ஷெட்டுக்குள்ள போங்க! எல்லாரும் ஷெட்டுக்குள்ள!" தனசேகரனின் பட்டறைக் குரல் முதல் முறையாக உபயோகமானது. பாக்கியம் போகவில்லை. காயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளப் போனவளை அவர்தான் கையைப் பிடித்து இழுத்து மண்வெட்டிகளுக்கு நடுவில் தள்ளினார். கதவு இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். முதலில் நாற்காலிகள் கிளம்பின. அடுத்து சண்டியர். பூங்காவில் சுற்றித் திரிந்து எல்லார் கீரையையும் கொத்தித் தின்கிற சேவலுக்கு அவள் வைத்த பெயர் அது. வாழ்நாளில் வேலியைத் தாண்டப் பறந்திராத அந்தச் சேவல் இறக்கையை விரித்தபடி மாடி உயரத்துக்குப் போனது. குருவிக் கூண்டு போனது. தனசேகரன் வாசலில் கழற்றி வைத்திருந்த புது பூட்ஸ் ஜோடியாகவே போனது. கடைசியாக அவளுடைய பந்தல் நாலு காலையும் பிடுங்கிக்கொண்டு எழும்பியது. வலை காயைச் சுற்றிச் சுருண்டது. கோயிலில் கொடி ஏறுகிற மாதிரி, குழவி கீழே ஆட, புடலங்காய் மேலே ஏறிப் பூங்கா மரங்களைத் தாண்டி மறைந்தது.

"ஐயோ என் காய்!" என்று அவள் போட்ட சத்தம் காற்றை விடப் பெரியது என்று பிறகு மேடம் லிம் எல்லாரிடமும் சொன்னார்.

ஐந்து நிமிஷம்கூட இருக்காது, வெயில் அடித்தது. மேடம் லிம்மின் கூண்டு விளையாட்டுத் திடலின் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது, உள்ளே குருவி ஒன்றுமே நடக்காத மாதிரி பாடிக்கொண்டிருந்தது. பூட்ஸில் ஒன்று ஏழாவது மாடித் துணிக்கம்பில் கிடைத்தது. சேவலைக் காணோம். காயையும் காணோம். பாக்கியம் பூங்காவில் முட்டி வலிக்க வலிக்கத் தேடினாள். மரத்தடி, சாக்கடை, கழிவறைக் கூரை எதையும் விடவில்லை.

"அண்ணே, நீங்களே கண்ணால பார்த்தீங்க."

"பார்த்தேன்மா. அதுக்காக ரூலை மாத்த முடியுமா? காத்து அடிச்சுப்போச்சுன்னு விட்டா, அடுத்த வருஷம் எல்லாரும் காத்து அடிச்சிருச்சும்பாங்க." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்கு பன்னெண்டு மணிக்குள்ள மேசையில காய் இருக்கணும் லா. நான் என்ன செய்ய?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இனியா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்தாள். "மா! இங்க பாருங்க. தெக்கா கோயில்ல ஏதோ வானத்துலேர்ந்து விழுந்துச்சாம். என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் ஷேர் பண்றாங்க. நாகம் லிங்கத்தை எடுத்துட்டு வந்துச்சாம்."

படத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் நீளமாக, பச்சையில் வெள்ளைக் கோடுகளோடு ஒன்று படுத்திருந்தது. அதன் வாலில் திருநீறும் குங்குமமும் துலங்க ஒரு கல். சுற்றிலும் பூ. யாரோ ஒரு கிண்ணத்தில் பாலும் வைத்திருந்தார்கள். பாக்கியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அடியே, அது லிங்கம் இல்லடி. நம்ம இஞ்சிக் குழவி!"

தெக்கா பக்கத்து லிட்டில் இந்தியா ஸ்டேஷனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இனியாவையும் இழுத்துக்கொண்டு அவள் நடந்த நடையை முட்டி ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார். கோயிலின் வெளிப்பிரகாரத்தில் வரிசை நின்றது. அவள் வரிசையில் நிற்கவில்லை. "என் காய், என் காய்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். வாழையிலைக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் காவல் நின்றான். பெயர் வெங்கடேஷ், பாசிர் ரிஸ் பூங்காவின் மறுகோடியில் கடற்கரை பெருக்குகிறவன். சவுக்கு மரத்தில் தொட்டில் மாதிரி தொங்கிய வலையை அவன்தான் இறக்கினான். அவிழ்த்தால் உள்ளே பாம்பு நீளத்துக்கு ஒன்று, முனையில் பட்டை போட்ட கல். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். வேலை முடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, வழியெல்லாம் தோளில் சுமந்தே கொண்டுவந்து கோயிலில் சேர்த்திருந்தான்.

குருக்கள் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இனியாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "அம்மா, காய் உங்களோடதா இருக்கலாம். ஆனா இத்தனை பேர் கும்பிட்டாச்சு. வெறும் வாய்வார்த்தையை நம்பி எப்படி எடுத்துக் குடுக்கிறது? வேற அடையாளம் ஏதாவது உண்டா?"

கோயில் கடிகாரத்தில் மணி பத்தைத் தாண்டியிருந்தது. பாக்கியம் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சந்தனம் அப்பியிருந்த குழவியைக் கயிற்றோடு தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாருங்க சாமி."

"என்னது?"

"அடிப்பக்கமா மோந்து பாருங்க."

அவர் தயங்கி மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். சந்தன வாசனை வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். புருவம் இரண்டும் மேலே ஏறின.

"பூண்டு!" என்றார்.

"இருபது வருஷப் பூண்டு சாமி. எந்தத் தண்ணியில கழுவினாலும் போகாது. எந்தச் சாமியாவது பூண்டு வாசத்தோட வருமா?"

வரிசையில் முதலில் ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். அப்புறம் குருக்களுக்கே அடக்க முடியவில்லை, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெங்கடேஷ் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, நான் தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று கையைப் பிசைந்தான்.

"மன்னிப்பாவது! நீ எடுக்காம விட்டிருந்தா அங்க காட்டுப்பன்னி தின்னுட்டுப் போயிருக்கும். என் பாத்தியையே காப்பாத்தியிருக்கே தம்பி. வா, வந்து இந்தப் பக்கம் பிடி. நீ இல்லாம இது வீடு வந்து சேராது."

குருக்கள் காய்க்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றவில்லை. "இருக்கட்டும். ஜெயிச்சுட்டு வாங்க" என்றார்.

காரில் அது படுக்காது. வளைத்தால் ஒடியும். ஆகவே ரயில். வெங்கடேஷ் காம்புப் பக்கம், இனியா நடுவில், பாக்கியம் குழவிப் பக்கம். தெம்பனீஸில் இறங்கி வண்டி மாறும்போது ஒரு பெரியவர் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய் உள்ளே குறுக்காக ஏறும்வரை அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ரயிலில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், பாக்கியத்துக்கு இல்லை, காய்க்கு. ஒரு மலாய்க்கார அம்மா அதன் முதுகைத் தடவிப் பார்த்து "பஞ்சாங்ஞா!" என்று வியந்தார். எவ்வளவு நீளம் என்று அவர் வாய் விட்டுச் சொன்னதைக் கேட்டு பாக்கியத்துக்கு நேற்றிலிருந்து முதல் முறையாகப் பசி எடுத்தது.

தோட்டத்தில் மேசைகளின்மேல் வெண்டை, கங்கோங் கீரை, மிளகாய் எல்லாம் அடுக்கியிருந்தன. கடைசி மேசை காலி. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டு, ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி தனசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் லிம்தான் முதலில் பார்த்தார். அவர் கை தட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாலை போட்ட புடலங்காய், மூன்று பேர் தோளில், வாசல் வழியாக ஊர்வலமாக வந்தது. பாக்கியம் நடையை வேண்டுமென்றே மெதுவாக்கினாள். இந்த நடையை அவசரமாக நடக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

காயை மேசையில் கிடத்தினார்கள். அந்தப் பக்கம் காம்பு வெளியே நின்றது, இந்தப் பக்கம் குழவி அந்தரத்தில் தொங்கியது. தனசேகரன் பட்டறை டேப்பை எடுத்து அளந்தார். நம்பிக்கை இல்லாமல் மறுமுனையிலிருந்து அளந்தார்.

"என்னை விட நீளம்" என்றார் மெதுவாக. ஒலிபெருக்கி அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

"மணி என்னண்ணே?"

"பதினொண்ணே முக்கால்."

"அப்ப ரூல் சரியா இருக்கு, இல்லயா?"

கைத்தட்டல் அடங்கவில்லை. யாரோ பிள்ளைகளைக் காய்க்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். வெங்கடேஷைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள் பாக்கியம். அழுதால் தனசேகரன் பார்த்துவிடுவார் என்று தன் மூலைப் பக்கம் நடந்தாள். பந்தல் இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. ஆனால் வேர் அசையவில்லை. கீழே ஒரு பக்கக்கொடி வேலிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தப்பியிருந்தது, அதில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தனசேகரன், ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் சிலிப்பர். அவரும் பிஞ்சைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஷெட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு குழிக்குள் இறங்கி வெட்ட ஆரம்பித்தார். மண் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. இடுப்பளவு இறங்கியதும் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"போதுமா, பாக்கியம்மா?"

புளோக்கின் உச்சியிலிருந்து சண்டியர் கூவிற்று. பாக்கியம் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, குழவியை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.